சிப்கோ இயக்கம்: மலைமக்கள் வேண்டியதும் பெற்றதும்

இமயமலைச் சாரலிலே பெண்கள் மரங்களைக் காத்து நின்று கோடரிகளைத் தடுத்த வரலாறு உலகறிந்ததாகும். சிப்கோ இயக்கம் என வழங்கும் அதனை, காட்டைத் தொடாது காக்க எழுந்த கிளர்ச்சியாகவே பலரும் கொள்வர். அதன் தோற்றத்தை ஆராயுமிடத்து, அம்மக்கள் முதற்கண் வேண்டியது மரத்தைப் பயன்கொள்ளும் உரிமையே என்பது புலனாகும்.

இவ்வழக்கு ஆங்கிலேயர் காலத்தே தொடங்கியது. கூமாவுன், கார்வால் மலைப்பகுதிகளில் 1911 முதல் 1917 வரையுள்ள காலத்திற் பரந்த காடுகள் அரசின் ஒதுக்கக் காடுகளாயின. விறகும் தழையும் மேய்ச்சலும் கட்டுப்பாட்டுக்குள்ளாகவே, 1921 ஆம் ஆண்டிற் கூமாவுன் மக்கள் அக்காடுகளுக்குத் தீயிட்டனர். தாம் உயிர்வாழத் துணைநின்ற காட்டையே ஒரு மக்கட்கூட்டம் எரிக்குமாயின், அது தமதன்று என அவர்கள் உணர்ந்துவிட்டனர் என்பதே பொருள். பின்னர் 1931 இல் ஊரவரே நிருவகிக்கும் வன பஞ்சாயத்துக்களுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. எனினும் பெருங்காடுகள் அரசின் கையிலேயே இருந்தன. சுதந்திரத்தின் பின்னரும் அவற்றின் மரங்கள் ஏலத்தில் வெளியூர் ஒப்பந்தகாரரையே சென்றடைந்தன.

1970 ஆம் ஆண்டு யூலை மாதம் அலக்நந்தா நதி பெருக்கெடுத்துப் பல ஊர்களை அழித்தது. நிவாரணப் பணிக்குச் சென்றோருள் கோபேசுவரத்தில் 1964 இல் அமைந்த தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தினரும் இருந்தனர். மரமிழந்த சரிவுகளின் கீழேயே அழிவு மிகுந்திருந்தமையை அவர்கள் கண்டனர். 1973 இல் அச்சங்கத்தார் உழவுக்கருவிகள் செய்தற்குச் சில மரங்களைக் கேட்டபோது வனத்துறை மறுத்தது. அம்மரங்களையே அலகாபாத்திலுள்ள விளையாட்டுப் பொருட் கொம்பனிக்கு வழங்கியது. நுகத்தடிக்கு இல்லாத மரம் பந்தடி மட்டைக்கு இருந்தது! மண்டல் என்னும் ஊரிலே மக்கள் திரண்டு, வெட்டவந்தோரைத் திருப்பியனுப்பினர்.

ரேணி நிகழ்ச்சி 1974 மார்ச் 26 இல் நிகழ்ந்தது. 1962 ஆம் ஆண்டுப் போரின்பின் எடுக்கப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு வழங்குவதாக அழைக்கப்பட்டு ஆடவர் சமோலிக்குச் சென்றிருந்தனர். அவ்வேளையிற் கௌராதேவியும் இருபத்தேழு பெண்களும் காட்டுவழியை மறித்து இரவு முழுதும் காவலிருந்தனர். தாவரவியலறிஞர் வீரேந்திரகுமார் தலைமையிலமைந்த குழுவின் அறிக்கையையொட்டி, ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றர்ப் பரப்பிலே பத்தாண்டுகளுக்கு வெட்டுதல் தடைசெய்யப்பட்டது.

இதன்பின் இயக்கத்தின் நோக்கிலே வேறுபாடு தோன்றிற்று. சுந்தர்லால் பகுகுணா முழுத்தடையை வேண்டி உண்ணாநோன்பிருந்தார். அவரது முயற்சியால், 1980 - 81 காலப்பகுதியில் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலைக்காடுகளிற் பதினைந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. வெற்றி பெரிதே. ஆயினும், காட்டைப்பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் ஊருக்கு வரவில்லை. 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ள, ஒரு சிறு வீதிக்குத் தேவையான நிலத்துக்கும் டில்லியின் இசைவு வேண்டியதாயிற்று. 1980களின் இறுதியிற் கிளர்ச்சியாளர் சிலர், தடைப்பட்ட திட்டங்களின் பொருட்டுத் தாமே மரங்களை வெட்டிப் போராடினர். அம்மலைநாட்டிலேயே இது நிகழ்ந்தமை பலராலும் மறக்கப்பட்டதொன்று.

சண்டிப்பிரசாத் பட் சென்ற வழி வேறு. அவரும் சங்கத்தாரும் ஊர்தோறும் முகாமிட்டு வெற்றுச் சரிவுகளில் மரம் நட்டனர். எங்கே எதனை நடுவது என்பதிற் பெண்களின் சொல்லுக்கு மதிப்பிருந்தது; தழைக்கும் விறகுக்கும் அலைந்தவர் அவர்களேயாதலின் அது பொருத்தமே. டுங்கிரி - பைந்தோலி என்னுமிடத்தில் 1980 இல் வீதியும் பாடசாலையும் கிடைக்குமென்று ஆடவர் கருவாலிக் காட்டைக் கொடுக்க உடன்பட்டபோது, மறுத்து நின்றோரும் பெண்களே. 'ஊர்' என்பதும் ஒருமனப்பட்டதன்று என்பதை இது காட்டும். முகாம்களில் நட்ட கன்றுகள் வனத்துறை நட்டவற்றினும் மிகுதியாகப் பிழைத்தன. இப்பணிக்கோ முழுத்தடைக்குக் கிடைத்த புகழிற் சிறுபங்கும் கிடைக்கவில்லை.

மரங்கள் காக்கப்பட்ட அதே ரேணியின் அருகே ரிசிகங்கை நீர்மின் நிலையம் எழுந்தது. கட்டுமானத்தின்போது வெடிவைத்தமை குறித்து 2019 ஆம் ஆண்டில் ஊரவர் உயர்நீதிமன்றத்தில் முறையிட வேண்டியதாயிற்று. 2021 பெப்ரவரி 7 இல் உயர்மலையிலிருந்து பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் அந்நிலையத்தை அழித்து இருநூற்றுவர்வரையிலானோரைப் பலிகொண்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் வீதி அமிழ்ந்தமையால், ஊரில் நிறுவியிருந்த கௌராதேவியின் சிலையும் இடம்பெயர்க்கப்பட்டது.