நாற்பது ஆறான கதை

சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி அடிஷனல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பை வாசித்தார். ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள். சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். ஆயுள் என்றால் 20 ஆண்டு நாடுகடத்தல். ஊர் கூட்டிப் பார்த்து நாற்பது என்றது. சிவாவுக்குப் பத்து.

உடந்தை என்றால் என்ன செய்துவிட்டார்? தூத்துக்குடியில் சிவாவைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். நம் பக்கத்தில் இதற்கு வேறு பெயர். தீர்ப்பைக் கேட்டுச் சித்தம் கலங்கிய தம்பி மீனாட்சிசுந்தரம் பிறகு தெளியவே இல்லை.

ராஜத்துரோகத்துக்கான 124-ஏ பிரிவில் வெறும் அபராதத்தோடு விடவும் வழி இருந்தது. மூன்றாண்டு வரை சிறை என்றும் இருந்தது. பின்ஹே நேரே உச்சிப்படிக்கு ஏறிவிட்டார். லண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லியே, இந்தத் தண்டனைகளைத் தன்னால் ஆதரித்துப் பேச முடியாது என்று வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார்.

மேல்முறையீடு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. நவம்பர் 4 அன்று தலைமை நீதிபதி ஆர்னால்ட் ஒயிட்டும் நீதிபதி மில்லரும் இருவருக்கும் ஆறாறு ஆண்டாகக் குறைத்தார்கள். இதை வெள்ளைக்காரனின் நியாயம் என்று மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டைத்தான் வெட்டினார்களே தவிர, குற்றம் குற்றமாகவே நின்றது. அரசை ஏசுவது குற்றமாகுமா என்ற கேள்வியின் பக்கமே அவர்கள் போகவில்லை. இத்தனைக்கும் திருநெல்வேலி பற்றி எரிந்தது மார்ச் 13-ல், வ.உ.சி. கைதானதோ அதற்கு முந்தின நாள். பேச்சைக் கேட்டா ஊர் கொதித்தது, கைதைக் கேட்டா?

அரசை ஏசுவது குற்றமா என்ற கேள்வியை ஐகோர்ட்டுகள் நேராகக் கையில் எடுக்கச் சுதந்திரம் வர வேண்டியிருந்தது. 1950-ல் பஞ்சாப் ஐகோர்ட்டும் 1958-ல் அலகாபாத் ஐகோர்ட்டும் 124-ஏ செல்லாது என்றன. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் பிரிவுக்கு உயிர்கொடுத்தது. ஆனால் வன்முறையைத் தூண்டும் பேச்சு, பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு என்றால்தான் குற்றம் என்று கடிவாளமும் போட்டது.

வ.உ.சி. 1912 டிசம்பர் 24 அன்று கண்ணூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். அதற்குள் அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்து போயிருந்தது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சன்னது திரும்பக் கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குக் கைகொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி.

கடைசி மகனுக்கு வ.உ.சி. வைத்த பெயர் வாலேசுவரன்.