பசவண்ணர்

பசவண்ணர் (12ஆம் நூற்றாண்டு) கல்யாண அரசின் அமைச்சர். ‘வசனம்’ என்னும் கன்னட உரைப்பாக்களைப் பாடிய கவிஞர். லிங்காயத நெறியின் மூலவராகப் போற்றப்படும் அருளாளர். பெங்களூரு விதான சௌதாவுக்கு அருகே, பலர் வாயில் இன்னும் ‘சாளுக்கியா சர்க்கிள்’ ஆகவே இருக்கும் பசவேசுவரா சர்க்கிளில், குதிரைமேல் வீற்றிருக்கும் அவரைச் சிலையாகக் காணலாம். தண்டநாயகர் என்ற படைப்பட்டம் அவருக்கு உண்டு. ஆனால் அடியார்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வது ‘பக்தி பண்டாரி’ என்ற பெயரை. பண்டாரி என்றால் கருவூலக் காப்பாளர்; அரசின் கருவூலச் சாவி அவர் கையில் இருந்தது.

இன்றைய விஜயபுரா மாவட்டத்துப் பசவன பாகேவாடியில் அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர். பூணூலைத் துறந்து, கிருஷ்ணையும் மலப்பிரபையும் கலக்கும் கூடலசங்கமத்துக்குப் போய்க் கற்றார். அத்தலத்து இறைவன் பெயரையே தம் வசனங்களில் முத்திரையாக வைத்தார். பின்னர், சாளுக்கியரிடமிருந்து அரியணையைப் பறித்த களச்சூரி மன்னன் பிஜ்ஜளனிடம், பீதர் மாவட்டத்துக் கல்யாணத்தில் (இன்றைய பசவகல்யாண்) பணியாற்றினார்.

அங்கே உருவானது அனுபவ மண்டபம் என்னும் அடியார் சபை. அந்த அடியார்களைச் ‘சரணர்கள்’ என்பார்கள். தலைமைப் பீடம் ஞானி அல்லமப் பிரபுவுக்கு. அமைச்சரான பசவண்ணர் அவர்முன் அடியார். பெண் கவிஞரான அக்கமகாதேவி வந்தார். துணி வெளுக்கும் மாச்சய்யாவும் தோல் தொழில் செய்யும் ஹரளய்யாவும் சரிசமமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் நெறியில், உடல்மேல் அணியும் இஷ்டலிங்கமே வழிபாட்டுக்குப் போதும். உழைப்பு, அதாவது ‘காயகம்’, அதுவே வழிபாடு. ஈட்டியதைப் பகிர்வது ‘தாசோகம்’. பிறப்பைக் கேட்காத இந்தச் சபைதான், எந்தப் பட்டத்தையும்விட, அவருடைய பெரும் சாதனை.

அரசு அதைப் பொறுக்கவில்லை. அந்தணராய்ப் பிறந்த மதுவரசரின் மகளுக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் திருமணம் நடந்ததும், இரு தந்தையரையும் பிஜ்ஜளன் கொடுமையாகக் கொன்றான் என்கிறது மரபு. 1167 வாக்கில் பிஜ்ஜளனும் கொல்லப்பட்டான், சரணர்கள் சிதறினார்கள். பசவண்ணர் கூடலசங்கமத்திலேயே இறைவனோடு கலந்ததாக நம்பிக்கை.

இவ்வரலாற்றில் பெரும்பகுதி பால்குரிகி சோமநாதரின் தெலுங்குப் பசவபுராணம் போன்ற பிற்கால நூல்கள் தருவது. 1260ஆம் ஆண்டு அர்ஜுனவாடக் கல்வெட்டும் அவரைக் குறிக்கிறது. லிங்காயத நெறியோடு சேர்த்துப் பேசப்படும் வீரசைவம் அவருக்கும் முந்தியது, பஞ்சாசாரியர்களே மூலவர்கள் என்போரும் உண்டு. கர்நாடக அரசு 2024 ஜனவரியில் அவரை மாநிலத்தின் பண்பாட்டுத் தலைவராக அறிவித்தது.

தமிழருக்கும் அவர் அயலார் அல்லர். பல்லவப் படைத்தலைவராக வாதாபியை வென்று, பின் நாயன்மாரான சிறுத்தொண்டரைப் பசவண்ணர் ‘சிரியாளர்’ என்று தம் வசனத்தில் போற்றுகிறார். அந்த வாதாபியும் (பாதாமி) கூடலசங்கமமும் இன்று ஒரே பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. அல்லமரின் கதையைக் கன்னடத்தில் சாமரசர் பாட, 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் அதைப் ‘பிரபுலிங்க லீலை’யாகத் தமிழுக்குத் தந்தார். கல்யாணத்துச் சரணர்களைத் தமிழிலேயே அறிய விரும்புவோர் அந்நூலிலிருந்து தொடங்கலாம்.