மேசைக்கணினி மின்வழங்கியும் ஓவர்கிளாக்கிங்கும்

மின்வழங்கி என்பது வீட்டு மாறுதிசை மின்சாரத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியாகும். தமிழ்நாட்டுக் கடைகளில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்றே கேட்டு வாங்குகின்றனர். செயலியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். அப்படி ஓட்டுவோர் பெட்டியின் மொத்த வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவதுண்டு. அந்த வாட் எந்த மின்னழுத்தத்தில் கிடைக்கிறது என்பதே முதன்மையானது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் மின்வழங்கி 63.5 வாட் மட்டுமே தந்தது. சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்கின. 12 வோல்ட் பெரும்பாலும் வட்டு இயக்கிகளின் மோட்டார்களுக்கே பயன்பட்டது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம் 3.3 வோல்ட்டையும் சேர்த்தது.

1998இல் வந்த செலரான் 300ஏ ஓவர்கிளாக்கிங்கைப் பரவலாக்கியது. பாட்டை வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சாக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. சில்லின் இயக்கத் திறன் செலவு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயரும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் செலவும் ஒன்றரை மடங்காகும். ஓட்டம் நிலைக்க மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்டினால் அது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். செலரான் சிறிய சில்லு என்பதால் அன்றைய மின்வழங்கிகள் இதைத் தாங்கின.

2000ஆம் ஆண்டின் பென்டியம் 4 நிலைமையை மாற்றியது. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே செயலிக்கென நான்கு முனை கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பு வந்தது. ஆனால் ஏஎம்டி அத்லான் தாய்ப்பலகைகள் பலவும் மேலும் சில ஆண்டுகள் 5 வோல்ட்டையே நம்பியிருந்தன. ஒரே வாட் எண் கொண்ட பெட்டி ஒரு கணினிக்குப் போதுமானதாகவும் மற்றொன்றுக்குப் போதாததாகவும் இருந்த குழப்பமான காலம் அது.

பின்னர் வரைகலை அட்டைகளும் 12 வோல்ட்டுக்கு மாறின. இன்று 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் என அச்சிட்ட பெட்டி, மேலே 500 வாட் என்றிருந்தாலும் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் சேர்த்துத் தருவது 300 வாட்தான். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழும் இதைச் சொல்லாது. அது அளப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே.

2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இன்னொரு சிக்கலைக் கணக்கில் எடுத்தது. வரைகலை அட்டை நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுப்பதுண்டு. சராசரியில் போதுமான மின்வழங்கியும் அந்தக் கணத்தில் பாதுகாப்புச் சுற்று செயல்பட்டுக் கணினியை அணைத்துவிடும். புதிய தரத்தின்படி உயர்திறன் மின்வழங்கிகள் குறிப்பிட்ட வாட்டைப் போல் இருமடங்கை 100 மைக்ரோநொடிகள் வரை தாங்க வேண்டும்.