உமி தூவிய கெளுத்தி

பரானா ஆற்றின் கீழ்ப்படுகையிலும், உருகுவே, தெற்கு பிரேசில் கரையோர ஆறுகளிலும் மணலைக் கிளறித் திரியும் ஒரு சிறு கெளுத்தி. விரல் நீளம்தான். இரண்டு பக்கமும் எலும்புத் தகடுகள், வாயோரம் மீசைகள், உடலெங்கும் கறுப்புத் தீற்றல்கள். இன்று மீன் வளர்ப்பவர்கள் அதை 'பெப்பர் கோரி' என்கிறார்கள்.

ஆற்றை விட்டு அது அறிஞர்கள் கைக்குப் போனபோது உயிரில்லை. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் சுற்றிய சார்லஸ் டார்வின் சேர்த்த மீன்களோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அந்த மீன்களை ஆராய்ந்து எழுதியவர் லியோனார்ட் ஜெனின்ஸ் என்ற பாதிரியார். பீகிளில் போகும் வாய்ப்பு டார்வினுக்கு முன்பே அவரைத் தேடி வந்தது. திருச்சபைப் பொறுப்பை விட மனமில்லாமல் மறுத்துவிட்டார். தான் போகாத நாட்டின் மீனுக்கு 1842இல் அவர் வைத்த பெயர் 'பலியாட்டஸ்'. லத்தீனில் உமி கலந்தது என்று பொருள்.

1870களில் அதே இன மீனை பாரிஸில் உயிரோடு வளர்த்துக் குஞ்சும் பொரிக்கவைத்தார் மீன் வளர்ப்பாளர் பியேர் கார்போனியே. பெண் மீன் வயிற்றடித் துடுப்புகளைக் கூடைபோலக் குவித்துச் சில முட்டைகளை ஏந்திப்போய், கண்ணாடியிலோ இலையிலோ ஒட்டும். நாலைந்து நாளில் குஞ்சு வரும். அன்று தொடங்கியதுதான் இதன் வீட்டு வாழ்க்கை. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆற்றையே பார்க்காத பண்ணைக் குஞ்சுகள். பெயரும் பயணம் போயிருக்கிறது: இது இருந்த கோரிடோரஸ் பேரினத்தை 2024இல் அறிஞர்கள் பிரித்தபோது இது ஹாப்லிசோமா ஆனது. கடையில் இன்னும் கோரிதான்.

சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் கோரியை 'டேங்க் கிளீனர்' என்று சொல்லி விற்பதுண்டு. அந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது. மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. மிச்சம் மீதி விழும் என்று விட்டால் பட்டினி கிடக்கும். அடியில் மூழ்கும் தீவனம் அதற்கென்று தனியாகப் போட வேண்டும். கூரான கிராவலில் மீசை தேய்ந்து புண்ணாகும், மென்மணல் வேண்டும். தனியாக விட்டால் ஒடுங்கிவிடும். ஆறு பேராவது சேர்ந்தால்தான் துணிந்து வெளியே வரும். வலையில் பிடித்தால் துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். கிண்ணத்தில் முகப்பது நல்லது. பெப்பர் கோரி குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 24 டிகிரி போதும். நம் ஊர் வெயிலுக்கு ஸ்டெர்பாய் என்ற இன்னொரு கோரி வகை இன்னும் பொருத்தம்.

இவ்வளவு கேட்கும் மீன் எப்படி இத்தனை தூரம் வந்தது? விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கும். குடலின் பின்பகுதி அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். காற்றுக் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்க இயற்கை தந்த வழி அது. பாரிஸ்வரை போன நீண்ட கடல் பயணத்திலும் அது கைகொடுத்திருக்கும்.

ஆனால் தாக்குப்பிடிப்பது வேறு, நன்றாக வாழ்வது வேறு. எப்போதாவது ஒருமுறை மேலே போய் வந்தால் அது கோரியின் சுபாவம். அடிக்கடி போகிறதென்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது. அப்போது தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டியவர் நாம்தான்.