எந்த வருடம் என்று கேட்டேன்

மார்கரெட் அட்வுட்டின் ‘த ஹாண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். ஸ்காபரோவில் ஒரு பாடசாலை. முப்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களின் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு மொழிகள் இருக்கும். அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் எப்போதும் அவசரமாகவே முடித்திருக்கிறேன். சோதனை நெருங்கிவிடும். கதை முடிந்த பிறகு யாரோ ஒரு பேராசிரியர் வந்து உரை ஆற்றுகிறார், வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன். அந்தப் பேராசிரியர் நான்தான் என்று விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1985இல் வந்த நாவல். அமெரிக்காவில் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு கிலியட் என்ற மதவாத அரசு உருவாகிறது. பிறப்பு குறைந்துபோன காலம். பிள்ளை பெறக்கூடிய பெண்களைப் பிடித்து, சிவப்பு உடுப்புப் போட்டு, அதிகாரிகளின் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். பெண்கள் வாசிக்கக்கூடாது. சொந்தப் பெயரும் கிடையாது. ஃபிரெட் என்பவனின் வீட்டில் இருப்பவள் ‘ஒஃப்ஃபிரெட்’, அதாவது ஃபிரெட்டினுடையவள். கதையைச் சொல்பவள் அவள்தான்.

முதல் நாள் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான். “மிஸ், இது இனி வரப்போற காலத்துக் கதைதானே.” (வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். எழுதும்போது எனக்கு எங்கட தமிழாகத்தான் வருகிறது.) 2017இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள். எதிர்காலம் என்று சொல்லிவிட்டால் நிம்மதி. நமக்கும் அதற்கும் நடுவில் தூரம் வந்துவிடுகிறது.

அந்தத் தூரத்தை இல்லாமல் செய்யத்தான் நான் ஒரு வீட்டுவேலை கொடுப்பேன். அட்வுட் இந்த நாவலை 1984 வசந்தத்தில் மேற்கு பெர்லினில், வாடகைக்கு எடுத்த ஒரு தட்டச்சு இயந்திரத்தில் எழுதத் தொடங்கினார். நகரைச் சுற்றி மதில் நின்ற காலம். அடுத்த வருடம் அலபாமாவில் முடித்தார். எழுதும்போது தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். மனிதர்கள் வரலாற்றில் எங்கேயாவது ஏற்கெனவே செய்யாத எதையும் கதைக்குள் விடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் நாவலிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து, அது உண்மையில் எங்கே, எந்த வருடம் நடந்தது என்று ஆதாரத்தோடு கண்டுபிடித்து வரவேண்டும். வருடம் இல்லாவிட்டால் புள்ளி இல்லை. என் கண்டிப்பு அது.

இந்த வேலைக்கு ரொறன்ரோ நல்ல ஊர். அட்வுட் அந்தக் காலத்தில் பத்திரிகைகளிலிருந்து வெட்டி வைத்த துண்டுகள் எல்லாம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஃபிஷர் அரிய நூலகத்தில் பெட்டியில் இருக்கின்றன. ருமேனியாவில் கருக்கலைப்பும் கருத்தடையும் தடை என்ற செய்தி. கனடாவில் பிறப்பு குறைகிறதே என்று கவலைப்படும் செய்தி. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தபின், தொழிற்சாலை நச்சைக் கட்டுப்படுத்துவது பற்றி அமெரிக்க காங்கிரசில் நடந்த விசாரணைகள். நாவலில் பிறப்பு குறைவதற்குக் காற்றிலும் தண்ணீரிலும் கலந்த நஞ்சும் ஒரு காரணம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியிலேயே டெபிட் கார்ட் பற்றிய செய்தியும் இருக்கிறது. அப்போது அது புதுச் சாமான். நாவலில் ஒரு நாள் நாட்டிலுள்ள பெண்கள் எல்லாருடைய வங்கிக் கணக்கும் ஒரே அடியாக முடக்கப்படும். சிகரெட் வாங்கப் போனவளின் அட்டை வேலை செய்யாது. மதிலில் பிணங்கள் தொங்கும் இடத்தைவிட இந்த இடத்தில்தான் என் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். காசைக் கையால் தொட்டே அறியாத தலைமுறை.

வீட்டுவேலையில் எனக்கே பாடம் சொன்ன பிள்ளைகளும் உண்டு. ஒருமுறை ஒரு கறுப்பினப் பையன் எழுந்து, “எனக்கு ஒரு விஷயம் இல்லை மிஸ், முழுப் புத்தகமுமே கிடைச்சிருக்கு” என்றான். எசமானின் பெயரைச் சுமப்பது, பிள்ளையைப் பறித்து வேறு இடத்தில் கொடுப்பது, பெற்றுப்போடுவதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருப்பது. எழுத்து விஷயத்துக்கு வருடமும் வைத்திருந்தான். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கிய தென் கரோலைனா சட்டம், 1740. நாவலில் பெண்கள் கனடாவுக்குத் தப்பும் இரகசிய வழிகூட அடிமைகள் தப்பிவந்த வழிதான். அந்த வழி வந்து முடிந்த சாத்தம் ஊர் எங்கள் பாடசாலையிலிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். “இவ்வளவையும் எங்கட ஆக்களிட்ட எடுத்துப்போட்டு, எங்களை ஒரு ரிவி செய்தியில ரெண்டு வரியோட ஊரைவிட்டு அனுப்பிப்போட்டா” என்றான். அவன் சொன்னது சரி. நாவலுக்கு வக்காலத்து வாங்கப் போய் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது அந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் நானே கேட்கிறேன்.

புத்தகத்தை வகுப்பிலிருந்து எடுக்கச் சொல்லும் சண்டைகளும் உண்டுதான். ரொறன்ரோவில் 2009 அளவில் ஒரு பெற்றோர் முறைப்பாடு செய்து, குழு போட்டு ஆராய்ந்து, இருக்கட்டும் என்று விட்டார்கள். 2025இல் எட்மன்டனில் பாடசாலைகளிலிருந்து நீக்க வேண்டிய 200க்கும் அதிகமான புத்தகங்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அல்பேர்ட்டா அரசு தன் உத்தரவை மாற்றி எழுதியது. ஆனால் ஒரு புத்தகத்தை வகுப்பில் வைத்துக்கொண்டே அதைக் கேட்காமல் விடலாம். அதை நான் செய்தேன்.

ருமேனியாவை எடுத்தவள் பின்வரிசைப் பிள்ளை, அதிகம் கதைக்காதவள். 1966 ஒக்டோபரில் சௌசெஸ்கு அரசு போட்ட 770ஆம் ஆணையைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள். ஒரே இரவில் கருக்கலைப்பு குற்றமானது. பிள்ளை இல்லாதவர்களுக்கு வரி. 1966இல் சுமார் 2,74,000ஆக இருந்த பிறப்புகள் அடுத்த வருடமே 5,28,000 அளவுக்கு ஏறின. பிறகு பெண்கள் இரகசியமாகக் கலைக்கத் தொடங்க, பிறப்பு இறங்கியது, சாவு ஏறியது. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு விழுந்ததும் தூக்கி எறியப்பட்ட முதல் சட்டங்களில் இதுவும் ஒன்று. அதற்குள் 9,000க்கும் மேற்பட்ட பெண்கள் கருக்கலைப்பினால் இறந்திருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தாளை மடித்துவைத்துவிட்டு, “என்ர அம்மம்மா நூல் ஆலையில வேலை செய்தவ” என்று தொடங்கினாள். ஆலைக்கே டொக்டர் வருவாராம். பெண்களை வரிசையில் நிற்பாட்டி யார் கர்ப்பம் என்று பார்ப்பாராம். அம்மம்மாவின் தங்கச்சி ஒரு இரவு இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். யார் செய்துவிட்டது, பெயரைச் சொல், சொன்னால்தான் வைத்தியம் என்றிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. விடிய முதல் செத்துப்போனாள்.

வகுப்பு அசையவில்லை. நான் கேட்டேன்: “எந்த வருடம்?”

அவள் விழித்தாள். “குளிர்காலம் என்டு மட்டும்தான் அம்மம்மா சொன்னவ மிஸ்.”

“எந்த ஊர்? ஏதாவது பத்திரம் இருக்கா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு இருந்துவிட்டாள். அவளுடைய தாளில் ‘ஆதாரம் தேவை’ என்று எழுதினேன். பத்துக்கு ஆறு.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ‘குளிர்காலம்’ என்ற சொல் திரும்பி வந்தது. எங்கள் அகதி விசாரணைக்கு நானும் அம்மாவோடு போயிருந்தேன், எனக்குப் பன்னிரண்டு வயது. மாமாவை எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டார்கள். அம்மா மாரிகாலம் என்றா. திகதி கேட்டார்கள். கிணறு நிரம்பியிருந்தது என்றா. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லவே இல்லை. வெளியே வந்து அம்மா சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது: “பிள்ளை, அவங்களுக்கு நம்பர்தான் வேணுமாம்.”

எழுந்துபோய் நாவலின் கடைசி அத்தியாயத்தை எடுத்தேன். 2195ஆம் ஆண்டு. கிலியட் ஒழிந்து எவ்வளவோ காலம். ஒரு கருத்தரங்கு. பியெக்ஸோட்டோ என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பேசுகிறார். ஒஃப்ஃபிரெட்டின் கதை சுமார் முப்பது ஒலிநாடாக்களாக ஒரு இரும்புப் பெட்டியில் கிடைத்ததாம். பகிடி விடுகிறார், சபை சிரிக்கிறது. கிலியட்காரர்களை அவசரப்பட்டுத் தீர்ப்பிடக்கூடாது என்கிறார். பிறகு பெரும்பகுதி நேரம் அந்த ஃபிரெட் யார், எந்த அதிகாரி என்று நிரூபிப்பதிலேயே போகிறது. அவளைப் பற்றி அவருக்கு மனக்குறை. பயனுள்ள தகவல் ஒன்றையும் பதியவில்லையாம். ஃபிரெட்டின் கணினியிலிருந்து ஒரு இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு நல்லது என்கிறார். முந்நூறு பக்கம் அவளுடைய குரலைக் கேட்டுவிட்டு வருகிற நமக்குக் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருக்கும். எனக்கு அன்றுதான் இருந்தது.

வருடம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. 1966 என்ற எண் இல்லாவிட்டால் அந்தச் சாவு விதி என்றாகிவிடும், அது ஒரு ஆணையால் வந்தது என்று தெரியாது. அந்த எண்ணை அவள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தாள். நான் கேட்டது அதற்கு மேலே.

அடுத்த வகுப்பில் கடைசி அத்தியாயத்தை முழுக்கச் சத்தமாக வாசித்தோம். சபை சிரிக்கும் இடத்தில் எவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். புள்ளியைத் திருத்தியிருக்கிறேன், அதை விடு, விருப்பம் என்றால் அந்தக் கதையை மற்றொருமுறை சொல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். இந்தமுறை தங்கச்சியின் பெயரையும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பையன்தான் கேட்டான், அம்மம்மா இதைச் சொல்லேக்க என்ன செய்துகொண்டிருந்தவ என்று.

“உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவ” என்றாள். “எங்களுக்குத் தேவையானதைவிடக் கனக்கச் சீவிப்போட்டா.”