சாக்லேட் ஆலையில் கஞ்சா: கடைகள் பெருகின, லாபம் எங்கே?

கடைகள் பெருகினால் லாபமும் பெருகுமா? கனடாவின் கஞ்சா நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோதும் நிதி ஆய்வாளர்கள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி இது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கஞ்சா கடுமையாகத் தடை செய்யப்பட்ட போதைப்பொருள். கனடாவோ 2018 அக்டோபர் 17ஆம் தேதி, பெரியவர்கள் அதை வாங்கிப் பயன்படுத்தச் சட்டப்படி அனுமதி அளித்தது. உருகுவேக்கு அடுத்து நாடு முழுவதும் அனுமதித்த 2ஆவது நாடு அது. அந்த முடிவு சரியா, தவறா என்பது தனி விவாதம். அதை நம்பிப் பணம் போட்டவர்களுக்கும் வேலையில் சேர்ந்தவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பது பலரும் அறியாத கதை.

ஓர் ஊரின் நம்பிக்கை

தமிழர்கள் பலர் வாழும் டொரோண்டோ நகரம் அமைந்த ஒண்டாரியோ மாநிலத்தில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஒரு சிற்றூர். அங்கிருந்த ஹெர்ஷி சாக்லேட் ஆலை 2008இல் மூடப்பட்டது. பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அதே கட்டடத்தில் ட்வீட் என்ற நிறுவனம் மருத்துவக் கஞ்சா பயிரிடத் தொடங்கி, 2014இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பின்னர் கனோபி குரோத் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஊருக்கு மீண்டும் உயிர் வந்தது.

2018இல் மதுபான நிறுவனமான கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் அதில் 5 பில்லியன் கனடிய டாலர் முதலீட்டை அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 17 அமெரிக்க டாலருக்கு வெளியிடப்பட்ட டில்ரே நிறுவனப் பங்கு, செப்டம்பரில் ஒரு கட்டத்தில் 300 டாலரைத் தொட்டது.

விற்றது யாரிடம்?

செடி வளர்ந்தது, விற்கக் கடை இல்லை. ஒண்டாரியோவில் முதல் சில மாதங்கள் அரசின் இணைய விற்பனை மட்டுமே இருந்தது. 2019 ஏப்ரலில் கடை திறக்கக் குலுக்கல் முறையில் முதலில் 25 பேருக்கே வாய்ப்பு கிடைத்தது. கடைகள் வந்தால் விற்பனை உயரும் என்று நிறுவனங்கள் விளக்கம் கூறின.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாநில மொத்த விற்பனை அமைப்புக்குச் சரக்கு போனதுமே உற்பத்தியாளரின் கணக்கில் அது வருமானமாக ஏறியது. வாடிக்கையாளர் அதை வாங்கினாரா என்பது வேறு விஷயம். 2019 பிற்பகுதியில், விற்காமல் தேங்கிய எண்ணெய், குளிகை வகைகளுக்காக கனோபி குரோத் 30 மில்லியன் டாலருக்கும் அதிகமாகக் கணக்கில் கழிக்க நேர்ந்தது.

விலை இறங்கியது, தீர்வை இறங்கவில்லை

2020இல் குலுக்கல் முறை கைவிடப்பட்டது. 2022க்குள் ஒண்டாரியோவில் மட்டும் 1,500க்கும் அதிகமான கடைகள் முளைத்தன. பக்கத்துக் கடையைவிட மலிவாக விற்றால்தான் வியாபாரம் என்ற நிலை ஏற்பட்டது.

உலர்ந்த கஞ்சாவுக்கு உற்பத்தியாளர் கட்ட வேண்டிய தீர்வை, கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 விழுக்காடு. இரண்டில் எது அதிகமோ அது. கிராம் 10 டாலருக்கு விற்றால் பத்தில் ஒரு பங்கு தீர்வைக்குப் போகும். 3 டாலருக்கு விற்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கள்ளச் சந்தைக்காரர்களுக்கோ இந்தச் சுமையே இல்லை.

அரோரா நிறுவனம் 2020 நிதியாண்டில் 3.3 பில்லியன் கனடிய டாலர் நட்டம் காட்டியது. கனோபி குரோத் 2023 நிதியாண்டில் ஏறக்குறைய அதே அளவு நட்டம் கண்டது. நல்ல காலத்தில் அதிக விலைக்கு வாங்கிய சொத்துகளின் மதிப்பு சரிந்ததும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். சில்லறை விற்பனையாளர்களும் தப்பவில்லை. ஃபயர் அண்ட் ஃபிளவர் என்ற கடைத்தொடர் 2023இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது.

மீண்டும் சாக்லேட்

2023 பிப்ரவரியில் கனோபி குரோத் 800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. அதே ஆண்டு அந்தக் கட்டடத்தை வாங்கியது வேறு யாருமல்ல, 15 ஆண்டுகளுக்கு முன் அதைப் பூட்டிவிட்டுப் போன ஹெர்ஷி நிறுவனமே.

புதுத் தொழில் எதுவானாலும், எத்தனை கடை திறந்தார்கள் என்பதோடு நின்றுவிடாமல், வரி போக கையில் எவ்வளவு மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தாமதமாகக் கேட்டவர்கள் சேமிப்பை இழந்தார்கள். கேட்கும் இடத்திலேயே இல்லாத தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள்.