கவனக்குறைவு என்னும் பெயரும் காலந்தாழ்ந்த பெண்டிரும்

கவனக்குறைவு என்பது நம் நாளேடுகளில் அடிக்கடி வரும் சொல். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாகப் பந்திங் செல்லும் சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்தால், ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதுகிறோம். கட்டுரை ஏட்டில் பிழை மலிந்தால் ஆசிரியரும் அவ்வாறே எழுதுகிறார். மருத்துவர் ஏ.டி.எச்.டி. எனக் குறிக்கும் நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயரிலும் இச்சொல்லே முன்நிற்கிறது. நாற்பது வயதில் அப்பெயரைக் கேட்கும் பெண்ணொருத்தி, சிறுமியாயிருந்த நாள் முதல் கேட்டுச் சலித்த வசையையே மருத்துவர் வாயாலும் கேட்டதாக எண்ணக் கூடும். ஏழு வயதில் அறியப்பட வேண்டியது நாற்பதில் அறியப்படுவானேன்? இதற்கு விடை மருத்துவ ஏடுகளில் மட்டுமன்றிக் கலைகளிலும் கிடக்கிறது.

இந்நிலையின் பெயர்பெற்ற பழஞ்சித்திரங்கள் ஒரு மருத்துவர் வரைந்தவை. பிராங்பர்ட் நகரத்து ஹைன்ரிக் ஹாப்மன் 1844-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்குத் தம் மூன்று வயது மகனுக்கு நல்ல படநூல் தேடினார். கடைகளில் கண்டவை மனத்துக்குப் பிடிக்கவில்லை. வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கித் தாமே கதை எழுதிப் படமும் போட்டார். அது 1845-இல் அச்சேறிப் பின்னர்ப் பல பதிப்புகளாக விரிந்தது. அதில் வரும் பிலிப் என்னும் சிறுவன் உணவு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசைவிரிப்பையும் தட்டுகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். ஹன்ஸ் என்பவனோ குறும்பு ஏதும் செய்யாதவன். வானத்தையும் பறவைகளையும் பார்த்தபடி பள்ளிக்கு நடந்து ஆற்றில் விழுகிறான். அவனை மீட்கிறார்கள், அவன் ஏடு மிதந்து போய்விடுகிறது. ஓடியாடும் வகையும் கனவில் ஆழும் வகையும் ஆகிய இரண்டையும் ஹாப்மன் கண்டுவிட்டார் என்று இன்று படிப்போர் வியப்பர். ஆயின் இருவரும் ஆண்பிள்ளைகள். அந்நூலில் பவுலீனா என்றொரு சிறுமியும் உண்டு. அவள் தீக்குச்சியோடு விளையாடிச் சாம்பலாகிறாள். மருத்துவர் பின்னாளில் தேடிச் சென்றது பிலிப்பையும் ஹன்ஸையுமே. பவுலீனா பெரியோர் சொல் கேளாத பெண்ணாகவே நின்றுவிட்டாள்.

எண்களும் அவ்வழியே சென்றன. 1902-இல் லண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் எடுத்துரைத்த 20 பிள்ளைகளுள் 15 பேர் சிறுவர், 5 பேர் சிறுமியர். 1937-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி மருந்து கொடுத்து ஆராய்ந்த 30 பேருள் 21 பேர் சிறுவர். வகுப்பைக் கலைப்பவனே மருத்துவரிடம் அனுப்பப்படுவான். சன்னலோரம் அமர்ந்து கனாக் காண்பவளை யார் அனுப்புவார்?

நம் மண்ணிலும் இது எண்ணத்தக்கது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் பார்த்தார். அமைதியாயிருந்த சிறுமி அவருக்கு ஆறுதல். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள அவள் பாதியில் நின்றுவிட்டாலோ, அவள் மனம் எங்கே அலைந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.

அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கையேடு, துள்ளல் இல்லாத கவனச் சிதைவும் உண்டு என்று 1980-இல்தான் ஒப்பியது. ஏழு வயதுக்குள் அறிகுறி தோன்றியிருக்க வேண்டும் என்ற வரம்பு 2013-இல் பன்னிரண்டாக உயர்ந்தது. பெரியவர்க்கான அளவும் சற்றே தளர்ந்தது. மலேசிய மருத்துவ வழிகாட்டியின் 2008, 2020 பதிப்புகள் இரண்டும் தலைப்பிலேயே சிறுவரையும் இளையோரையும் குறிப்பன.

காலந்தாழ்ந்து வந்த இவ்வறிவைக் கலை எவ்வாறு ஏற்றது? சிறந்த சான்று ஈப்போவில் பிறந்த மிசேல் இயோ நடித்து 2022-இல் வெளிவந்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ என்னும் படம். அதன் நாயகி எவ்லின் அமெரிக்காவில் சலவைக்கடை நடத்தும் சீனப் பெண். மேசை நிறைய ரசீதுகள்; வரி அலுவலர் அழைக்கிறார்; தந்தைக்கு உணவு ஆக வேண்டும்; மகள் ஏதோ சொல்ல வருகிறாள். பாட்டு, எழுத்து, சமையல் எனத் தொட்ட தொழிலெல்லாம் பாதியில் நின்றவை. இப்பெண்ணுக்கு ஏ.டி.எச்.டி. இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிய இயக்குநர் இருவருள் ஒருவரான டேனியல் குவான், அதைப்பற்றி விடிய விடியப் படிக்கையில் படித்ததெல்லாம் தம் கதையாகவே இருக்கக் கண்டார். பின்னர் மருத்துவரும் அதை உறுதி செய்தனர். முதலில் நாயக வேடம் ஜாக்கி சானை எண்ணி ஆணுக்கென வகுக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. படத்துக்குள் மருத்துவரும் இல்லை, நோய்ப்பெயரும் இல்லை. மனம் ஓரிடத்தில் நில்லாமை அங்கே பல உலகங்களுக்குள் தாவும் ஆற்றலாகிறது. குறையையும் ஆற்றலையும் பிரித்துக் காட்டாமல் விட்டதே அப்படத்தின் சிறப்பென்பது என் கருத்து. 2023-இல் அதற்கு ஏழு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்ற முதல் மலேசியர் மிசேல் இயோ.

எனினும் அது ஆண்கள் எழுதிய பெண். தெகரானில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் நகைச்சுவைக் கலைஞர் ஷபராக் கோர்சாண்டி, நாற்பதைக் கடந்தபின் இந்நிலை உறுதியாகத் தம் வாழ்வையே ‘ஸ்கேட்டர் பிரெய்ன்’ என்று நூலாக 2023-இல் வெளியிட்டார், மேடையிலும் நிகழ்த்தினார். சிதறிய மூளை என்பது அத்தலைப்பின் பொருள். வசைச்சொல்லைத் தாமே எடுத்துச் சூடிக்கொண்டார் எனலாம்.

தமிழில் அவ்வாறு எழுத வரும் பெண் எந்தச் சொல்லை எடுப்பாள்? நம்மிடம் அவதானம் என்றொரு கலை உண்டு. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் ஒருங்கே மனம் செலுத்திச் சதாவதானி எனப் புகழ் பெற்றார். அடுப்பிலும் தொட்டிலிலும் வாசலிலும் ஒருங்கே மனம் வைக்கும் பெண்ணுக்கு அப்பட்டத்தை எவரும் அளித்ததில்லை. ஒன்றில் தவறினால் கவனக்குறைவு என்போம். இந்நிலையில் கவனம் குறைவதில்லை. வேண்டிய இடத்தில் நிற்காமலும், பிடித்ததில் பற்றினால் விடாமலும் போகிறது. ஆதலின் கவனத் தடுமாற்றம் என்பது பொருந்தலாம். அதனினும் நல்ல சொல்லைத் தமிழாசிரியர் எவரேனும் ஆக்கித் தந்தால் ஏற்கலாம்.